நாகலிங்கத்தின் பிறந்த ஊர்

புதுச்சேரி
ஆனி 10

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களும் குரல் பதிவும் வந்து சேர்ந்தன. ஆயா திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். பிரெஞ்சு கயானாவின் கயேனில் நீ வேலைக்குப் போகிற வழியில் ஒரு பூங்காவில் நம்ம சிவன் கோயில் நாகலிங்க மரம் நிற்கிறது, அடியில் ஓர் அகல்விளக்குகூட இல்லை, காய் தலையில் விழுந்துவிடும் என்று சுற்றிலும் கயிறு கட்டி ஆளை அண்டவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாய். "ஊரைவிட்டு வந்த பிள்ளை மாதிரி தனியா நிக்குது சித்தி" என்றாயே, அதைக் கேட்டதும் உங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். மரத்தைப் பற்றி நீ சொன்னதில் பாதி உன்னைப் பற்றியது என்று எங்கள் மூவருக்குமே தெரிந்துவிட்டது.

ஆயா உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "அந்தக் காலத்துல நம்ம சனங்க கூலிக்குக் கப்பலேறிப் போனாங்களே, அவுங்கதான் மடியில விதையை முடிஞ்சுக்கிட்டுப் போயி நட்டிருப்பாங்க" என்கிறார். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் கதை நேர்மாறானது, கயல். அந்த மரத்தை நாம் அங்கே கொண்டுபோகவில்லை. அது அந்த மண்ணிலேயே பிறந்தது. அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது. நீ பார்த்த மரம் தன் சொந்த ஊரில் நிற்கிறது. வெளியூர் வந்தது நம்ம சிவன் கோயிலில் நிற்பதுதான்.

கல்லூரியில் இத்தனை வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் இதைக் குரல் பதிவில் அவசரமாகச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். நீண்டுதான் போகும். விடுப்பு நாளில் படி.

முதலில் ஒரு செய்தி. 2007ல் புதுச்சேரி அரசு நம்ம மாநிலத்துக்கு அடையாளங்கள் அறிவித்தது. மரம் வில்வம், பறவை குயில், விலங்கு அணில், மலர் நாகலிங்கம். அந்த நாகலிங்கத்தின் தாவரவியல் பெயர் கூரூபிட்டா கயனென்சிஸ். பெயரின் பின்பாதியிலேயே நீ இருக்கும் கயானா இருக்கிறது. பிரான்ஸ் ஆண்ட ஓர் ஊரின் அரசு மலர், பிரான்ஸ் இன்றும் ஆளுகிற இன்னோர் ஊரின் காட்டு மலர். இதை நீ அங்கே உன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் சொல். நம்பமாட்டார்கள்.

அந்தப் பெயரை வைத்தவர் ஃப்யூசே ஒப்லே என்ற பிரெஞ்சுக்காரர். 1720ல் பிறந்தவர், மருந்தாளர், தாவரங்கள் மேல் பித்துக்கொண்டவர். அவரை முதலில் கடல் கடந்து அனுப்பியது நம்ம ஊரை ஆண்ட அதே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1750களில் மொரீசியசில் மருந்துச் செடித் தோட்டம் போடுவதற்காக அவரை அனுப்பினார்கள். 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம் ஒப்லே கயேனில் இறங்கினார். ஏறக்குறைய இரண்டு வருஷம் அந்த ஆறுகளிலும் சேற்றிலும் அலைந்து செடிகொடிகளைச் சேர்த்தார். ஊர் திரும்பி 1775ல் பிரெஞ்சு கயானாவின் தாவரங்கள் என்று நான்கு பாகம் கொண்ட ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நாகலிங்க மரம் அறிவியல் உலகத்துக்கு முதலில் அறிமுகமானது அந்த நூலில்தான். ஒப்லேயிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. பேரினங்களுக்குப் பெயர் வைக்கும்போது ஐரோப்பியப் பிரபுக்களின் பெயரைத் தேடிப் போகாமல், அந்தக் காட்டில் வாழ்ந்த மக்கள் அழைத்த பெயரையே பல இடங்களில் எடுத்துக்கொண்டார். கூரூபிட்டா என்பதும் கலிபி மக்களின் பேச்சிலிருந்து வந்தது. அந்த நூலிலேயே அடிமை முறையைக் கண்டித்தும் எழுதியிருக்கிறார். கரும்புத் தோட்டங்கள் அடிமைகளால் நடந்துகொண்டிருந்த காலத்தில் அதை அச்சில் போடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அவர் அங்கே இருந்த அதே சமயத்தில்தான் பிரான்சிலிருந்து ஆயிரமாயிரம் பேரை கூரூவில் குடியேற்ற முயன்று, காய்ச்சலிலும் பசியிலும் பெரும்பாலோர் மடிந்துபோனார்கள். இப்போது ராக்கெட் ஏவுகிறார்களே, அதே கூரூ. நீ அந்தப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்.

"ஒருத்தர் புத்தகத்தில எழுதிட்டா அந்த மண்ணுக்குச் சொந்தமாயிடுமா?" என்று ஆயா கேட்டார். எண்பது தாண்டியும் என்ன கூர்மை பார்! சரியான கேள்வி. முதலில் எழுதப்பட்ட இடம் வேறு, பிறந்த இடம் வேறு. ஒரு மரத்தின் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க, நாம் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது கேட்பதையே கேட்க வேண்டும். உன் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? யார் கையால் சாப்பிடுகிறாய், யாருக்குச் சாப்பாடு போடுகிறாய்? யாரும் நட்டு வளர்க்காமல் உன் பிள்ளைகள் தானாக எங்கே வளர்கிறார்கள்?

சொந்தக்காரர்களிலிருந்து தொடங்குகிறேன். கூரூபிட்டா பேரினத்தில் மொத்தம் மூன்றே வகை மரங்கள். நம்ம நாகலிங்கம் ஒன்று, அமேசானில் இன்னொன்று, மத்திய அமெரிக்காப் பக்கம் மூன்றாவது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தை விட்டு வெளியே காட்டில் எங்கும் கிடையாது. கொஞ்சம் தள்ளிய உறவைப் பார்த்தால் பிரேசில் கொட்டை மரம் இதன் பங்காளி. அதுவும் அமேசான்தான். குடும்பத்தின் வேறொரு கிளை மட்டும் நம்ம பக்கம் இருக்கிறது. குளக்கரையில் இரவில் பூத்து, விடிவதற்குள் தண்ணீர் மேல் சிவப்பு இழைகளாக உதிர்ந்து கிடக்குமே செங்கடம்பு, அது நாகலிங்கத்துக்குத் தூரத்து உறவு. அது காலங்காலமாக இங்கே இருப்பது. நாகலிங்கம் அப்படியில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். காட்டில், வயலில், கடற்கரையில் பூப்பதையெல்லாம் விடாமல் சொன்னவர், அடிமரம் முழுக்க இப்படிப் பூத்துக் கொட்டுகிற ஒரு மரத்தைப் பார்த்திருந்தால் விட்டிருப்பாரா? அதில் நாகலிங்கம் இல்லை. பழைய தலமரங்களை எடுத்துக்கொள். தில்லையில் தில்லை மரம், காஞ்சியில் மா, ஆனைக்காவில் வெண்ணாவல், இன்னும் எத்தனையோ தலங்களில் கொன்றையும் வன்னியும் வில்வமும். அந்த மூத்தவர்கள் வரிசையில் நாகலிங்கத்துக்கு இடமில்லை. அது பின்னால் வந்து சேர்ந்த பக்தை.

இனி சாப்பாட்டு விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த மரத்தை முதன்முதலில் என்னைக் கூர்ந்து பார்க்க வைத்தது இதுதான். உன்னை விரல் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போன நாளிலிருந்து நீ இந்தப் பூவைப் பார்த்திருக்கிறாய். நடுவில் லிங்கம், மேலே குடைபிடிக்கும் நாகம், அதற்கு ஆயிரம் தலை என்று குருக்கள் காட்டியது நினைவிருக்கும். அடுத்த முறை ஒரு பூவைக் கையில் எடுத்தால் இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார். தடித்த ஆறு இதழ்கள். வெளிப்புறம் மஞ்சள் ஓடியிருக்கும், உட்புறம் செக்கச்செவேல் என்று இருக்கும். நடுவில் சூலகம். அதைச் சுற்றி வளையமாகக் குட்டைக் குட்டையான வெள்ளை மகரந்தத் தாள்கள். அந்த வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து தட்டையான ஒரு நாக்குக் கிளம்பி, வளைந்து திரும்பி, சூலகத்துக்கு மேலே கவிகிறது. அதன் அடிப்பக்கம் முழுக்க நீளமான இழைகள். நாம் நாகத்தின் தலைகள் என்று எண்ணுவது இவற்றைத்தான்.

ஆக, ஒரே பூவுக்குள் இரண்டு விதமான மகரந்தம். கீழே வளையத்தில் இருப்பது விதை உண்டாக்கும் மகரந்தம். மேலே குடையில் இருப்பது மலட்டு மகரந்தம். அது எந்தச் சூலையும் கருவுறச் செய்யாது. பிறகு எதற்கு அவ்வளவு? சாப்பாட்டுக்கு! இந்தப் பூவில் தேன் கிடையாது. இவ்வளவு வாசனை வீசி விருந்துக்கு அழைத்துவிட்டுத் தேன் இல்லை என்றால் எப்படி? அதற்காகத்தான் மரம் தனியாக ஒரு தீனி மகரந்தத்தைத் தயார் செய்து மேலே வைத்திருக்கிறது. விடியலில் பெரிய கருவண்டு வருகிறது. குடைக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் நுழைகிறது. மேலே இருக்கிற தீனியை எடுக்க வேண்டுமானால் அது வயிற்றை மேலே காட்டி மல்லாந்துதான் ஆக வேண்டும். அப்படி மல்லாந்து அது தின்றுகொண்டிருக்கும்போது, கீழே வளையத்தில் இருக்கும் நல்ல மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்கிறது. முதுகில் ஒட்டியது அதற்குத் தெரியாது, காலால் வழித்துத் தின்னவும் முடியாது. அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். அங்கே சூலக முடி அந்த முதுகுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடுக்கின் உயரம் ஒரு பெரிய வண்டின் உடம்புக்குத் தகுந்த அளவில் இருப்பதைக் கவனித்தால், இந்தப் பூ யாரை நினைத்து உருவானது என்பது விளங்கிவிடும். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. பொழுது சாய்வதற்குள் உதிர்ந்துவிடும். பெரிய மரம் ஒன்றில் ஒரே நாளில் ஆயிரம் பூக்கள்கூட மலரும் என்கிறார்கள்.

நம்ம ஊரிலும் கருவண்டு வருகிறது, தேனீயும் வருகிறது. கோயிலில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால் அந்த ரீங்காரம் கேட்கும். ஆகவே பூ இங்கே வந்ததும் புதிய உறவு பிடித்துக்கொண்டது, பிழைத்துக்கொண்டது. காய்தான் தனியாகிப் போனது.

காயைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம், பெரிய பழுப்பு உருண்டை, விழுந்தால் மண்டை உடையும், உடைந்தால் நாறும் என்பதுதான். அது பழுக்க ஒரு வருஷம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். உள்ளே நூற்றுக்கணக்கில் விதை. விழுந்து ஓடு பிளந்ததும் உள்ளிருக்கும் வெள்ளைச் சதை, காற்றுப் பட்டுக் கண்முன்னாலேயே நீலப் பச்சையாக மாறுகிறது. அவுரிச் சாயத்தோடு உறவுள்ள பொருள்களை இந்த மரத்திலிருந்து வேதியியலார் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த நாற்றம் நமக்கு நாற்றம். அந்தக் காட்டில் பெக்கரி என்று ஒரு பிராணி இருக்கிறது. பார்க்கக் காட்டுப்பன்றி போலத் தெரியும், ஆனால் வேறு குடும்பம். அதற்கு இது விருந்துக்கு மணி அடித்த மாதிரி. கூட்டமாக வந்து தின்னும். ஒவ்வொரு விதையின் மேலும் ரோமம் அடர்ந்திருக்கும். அந்த ரோமம்தான் விதையைக் குடலுக்குள் காப்பாற்றுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பெக்கரி வேறெங்கோ போய்ச் சாணம் போடும் இடத்தில் கன்று முளைக்கும்.

இந்த மரம் ஏன் பூவையும் காயையும் கிளை நுனியில் தாங்காமல் அடிமரத்திலேயே தாங்குகிறது என்று நீ சின்ன வயசில் கேட்டிருக்கிறாய். இவ்வளவு கனமான காயை இலைக்கொம்பில் தாங்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இது முப்பது மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய மரம். மேலே இலைக் கூரைக்குள் ஒளிந்து பூப்பதைவிட, கீழே வெற்று அடிமரத்தில் பூத்தால் வண்டுக்கு வழி தெளிவாகத் தெரியும். காடு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் நியாயம் முழுதாகப் புரியும். கோயில் பிராகாரத்தில், நாலு பக்கமும் வெட்டவெளியாக நிற்கும் மரத்தைப் பார்த்து நான் மாணவிகளுக்கு விளக்கியபோதெல்லாம், ஏதோ ஒன்று குறைகிறது என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. குறைந்தது காடு.

நம்ம கோயிலில் காய் விழுந்தால் என்ன ஆகிறது? பெருக்குகிற அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாரிக் குப்பையில் போடுகிறார். அந்த மரத்தடியில் தானாக முளைத்து ஆளான ஒரு நாகலிங்கக் கன்றை நான் கண்டதில்லை. இங்கே இருக்கும் ஒவ்வொரு மரமும் யாரோ ஒருவர் விதை எடுத்து, முளைக்க வைத்து, நாற்றங்காலில் வளர்த்து, கொண்டுவந்து நட்டது. இங்கே பெக்கரியின் வேலையை மனிதர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். அர்ச்சகரும் பக்தரும் தோட்டக்காரரும் சேர்ந்து ஒரு மரத்தை வம்சம் அற்றுப்போகாமல் காப்பாற்றி வருகிறார்கள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, இதன் சொந்த நிலப்பரப்பு எவ்வளவு? கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா, அங்கிருந்து தெற்கேயும் மேற்கேயும் பிரேசில், வெனிசுவேலா, கொலம்பியா, ஈக்வடார், பெரு என்று அமேசான் படுகை நெடுகிலும். ஆனால் வரைபடத்தில் அவ்வளவு இடத்துக்கும் வண்ணம் பூசிவிட்டால் காட்டில் கால் வைத்த இடமெல்லாம் நாகலிங்கம் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிடித்தது ஆற்றோரத் தாழ்ந்த நிலம், வெள்ளம் ஏறி இறங்குகிற இடம், ஈரம் காயாத மண். இந்தக் குடும்பத்து மரங்களுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஓர் அறிஞர் இருந்தார், ஸ்காட் மோரி. நியூயார்க் தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தவர். நீ இருக்கும் பிரெஞ்சு கயானாவின் நடுக்காட்டில் சவுல் என்ற சிற்றூரைச் சுற்றி வருஷக்கணக்கில் வேலை செய்தார். 2020ல் காலமானார். பூக்களில் வண்டு எப்படி நுழைகிறது, விதையை யார் கொண்டுபோகிறார்கள் என்பதையெல்லாம் நாம் இன்று இவ்வளவு நிச்சயமாகப் பேசுவதற்கு அவரும் அவரோடு உழைத்தவர்களும்தான் காரணம். வகுப்பில் நான் அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடித்ததில்லை.

அங்கே யாரும் கும்பிடுவதில்லை என்று வருத்தப்பட்டாய். கயேன் பூங்காவில் கும்பிடாமல் இருக்கலாம். பெரு நாட்டு அமேசானில் இதை அயாஉமா என்கிறார்கள். அங்குள்ள வைத்தியர்கள் இதை ஆவி குடியிருக்கும் மரமாக மதிக்கிறார்கள். பட்டையை எடுப்பதற்கு முன் விரதமும் முறையும் உண்டு. ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு மக்கள், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே மரத்தின் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பிரேசிலிலோ இதை நகரத்துக்குள் கொண்டுவந்து கொண்டாடியிருக்கிறார்கள். ரியோ டி ஜெனிரோவில் கடலோர ஃபிளமெங்கோ பூங்காவை வடிவமைத்த புர்லே மார்க்ஸ் இந்த மரத்தை அங்கே நிறைய வைத்தார்.

இலங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பெரதேனியா தோட்டத்துக்கு இந்த மரம் 1881ல் வந்தது. பிறகு அங்கே விகாரைதோறும் பரவி, புத்தர் பிறந்ததும் மறைந்ததும் எந்த மரத்தடியிலோ அந்தச் சால மரம் இதுதான் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. உண்மையான சால மரம் வட இந்தியக் காடுகளில் இருப்பது, முற்றிலும் வேறு. ஆனால் கண்டிப் பக்கம் ஒரு விகாரையில் வெள்ளை உடுத்திய பாட்டிமார் இந்தப் பூவைத் தட்டில் வைத்துக் கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பக்தியில் எந்தப் பிசகும் எனக்குத் தெரியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாகலிங்கம் தென் அமெரிக்க மரம் என்று சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வருகிறது. மூவாயிரம் வருஷமாக இந்தியாவில் இருக்கிறது என்று வாதாடுகிறார்கள். அது தேவையில்லாத பெருமை. இன்னும் சிலர், வெளிநாட்டு மரத்தைக் கும்பிடுகிறார்கள் பார் என்று பக்தரைக் கேலி செய்கிறார்கள். இவர்கள்மேல் எனக்கு அதைவிடக் கோபம். பிள்ளையாருக்கு வைக்கிற கொய்யா எங்கிருந்து வந்தது? மாலை கட்டுகிற துலுக்கச் சாமந்தி எங்கிருந்து வந்தது? எல்லாம் அந்தக் கண்டத்திலிருந்துதான். ஒரு பூவுக்குள் தன் சாமியைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு, அந்தப் பூ எந்தக் கப்பலில் வந்தது என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை. அதே சமயம், சாமி தெரிகிறது என்பதற்காகக் கப்பல் வந்ததையே மறுக்கவும் கூடாது. பிறந்த ஊரை மறைத்துவிட்டு ஒரு உயிரின் மேல் அன்பு வைக்க முடியுமா? பெக்கரியும் வெள்ளமும் கருவண்டும் இல்லாமல் இந்த மரத்துக்கு இந்த உருவமே இல்லை. நாம் லிங்கம் என்று வணங்குவதைச் செதுக்கியது அந்தக் காடு.

ஆயாவின் மனம் நோகாமல் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சொன்னதில் ஒரு பாதி சத்தியம். நம்ம சனங்கள் அங்கே போனது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றி, ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப், நீ இருக்கும் பிரெஞ்சு கயானா என்று அனுப்பினார்கள். பிரெஞ்சு கயானாவுக்குப் போனவர்கள் சில ஆயிரம் பேர். தோட்டங்களிலும் தங்கச் சுரங்கங்களிலும் வேலை. செத்தவர் தொகை அவ்வளவு அதிகமாக இருந்ததால் 1870களில் பிரிட்டிஷ் அரசு அந்தப் பயணத்தையே நிறுத்தியது. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது. கடைகளில் கொலொம்போ என்று ஒரு மசாலாத் தூள் விற்பார்கள், வாங்கி முகர்ந்து பார். மல்லியும் மஞ்சளும் மணக்கும். அது நம்ம ஆட்கள் விட்டுப்போன சொத்து.

அவர்களில் யாராவது ஒருத்தர் ஆற்றோரத்தில் இந்த மரத்தைப் பார்த்திருப்பார்கள். அப்போது அவர்களுக்கு அது முகம் தெரியாத மரமாகவே இருந்திருக்கலாம். உனக்குத்தான் அது ஊரை ஞாபகப்படுத்துகிறது. அவர்களுக்குக் கிடைக்காத அந்த ஆறுதல் உனக்குக் கிடைத்திருக்கிறது என்று ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவ போயிருக்கறது பூவோட பொறந்த வூட்டுக்கா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சீர் வரிசை நல்லா இருக்கும், கவலைப்படாதே" என்று உங்கம்மாவிடம் சொல்லிவிட்டு முறுக்குப் பிழிய உட்கார்ந்துவிட்டார்.

இப்போது உன்னிடம் நான் கேட்பது. மழை கொஞ்சம் ஓய்ந்ததும், யாராவது ஊர்க்காரரோடு படகில் ஆற்றோரக் காட்டுக்குப் போ. தனியாகப் போகாதே. முழுக்கை உடுத்திக்கொள், கொசு மருந்து பூசிக்கொள், நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூங்காவில் கயிறு கட்டி நிற்பதைப் பார்த்து முடிவு கட்டாதே. காட்டில் நிற்கும் ஒன்றையாவது பார்த்துவிடு. இலையே இல்லாமல் மொட்டையாக நின்றால் பட்டுப்போனதாக நினைத்துவிடாதே. வருஷத்தில் சில தடவை மொத்தமாக உதிர்த்துவிட்டு ஒரு வாரம் பத்து நாளில் திரும்பத் தளிர்த்துவிடும். விடியற்காலையில் போய்ச் சேர முடிந்தால் வாசனை உச்சத்தில் இருக்கும், வண்டும் இருக்கும். வண்டு மல்லாந்து தின்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நம்ம வண்டும் அந்த வண்டும் ஒரே மாதிரி நுழைகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷத்து ஆசை.

உடைந்த காய் கிடந்தால் ஓடு ஒன்று காலியாக இருக்கிறதா பார். அந்தப் பக்கத்து மக்கள் அதைக் கிண்ணமாகப் பயன்படுத்துவார்கள். ஊருக்கு எடுத்து வராதே, சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள், விதையோ பூச்சியோ ஒட்டியிருந்தால் கொண்டுவரவும் கூடாது. படம் போதும். கயேனில் உலர்தாவரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. நேரம் கிடைத்தால் அங்கே போய், புதுச்சேரியிலிருந்து வந்திருக்கிறேன், எங்கள் அரசு மலரை உலர்த்தி ஒட்டி வைத்த தாளைப் பார்க்கலாமா என்று கேள். காட்டினால், எந்த ஆற்றங்கரையில் எடுத்தது என்று சீட்டில் எழுதியிருக்கும். அந்த ஆற்றுப் பெயர்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்பு.

முக்கியமானது ஒன்று. காட்டு மரத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து பூவையே பார்த்துக்கொண்டு நின்றுவிடாமல், சுற்றுவட்டாரத்தில் நடந்து தரையைப் பார். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், தானாக முளைத்து முழங்கால் உயரம் வந்த நாகலிங்கக் கன்று ஒன்றாவது நிற்கிறதா, தாய்மரத்திலிருந்து எத்தனை தப்படி தள்ளி நிற்கிறது என்று பார்த்துச் சொல். முப்பது வருஷம் இந்த மரத்தைப் பாடமாக நடத்தியும் நான் பார்க்காதது அதுதான். ஐப்பசியில் நீ வரும்போது அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வா. கல்லூரியில் இப்போது பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

உங்கம்மா மாவடு போட்டிருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறாளாம். வேளைக்குச் சாப்பிடு. இரவுப் பணி முடித்த நாளில் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்காதே.

அன்புடன்,
சித்தி